தாத்தாவைக் கேட்டு வந்த அழைப்புகள்: சாட்ஸ்வொர்த் வீடு ஒன்றில் ஐந்து மாதம்

ஆயாவின் வலது கண்ணுக்குக் கண்புரை அறுவை செய்ய 2025 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்திருந்தார்கள். அதைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து முந்தைய வெள்ளிக்கிழமை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். போன் அடிக்கவே இல்லை. பெயர் சேமிக்காத எண்களின் மணியோசையை அடக்கும் வசதியை அதற்கு முந்தைய வாரம்தான் பேத்தி அந்த போனில் போட்டுவிட்டிருந்தாள். யோசனை என்னுடையது. தவறிய அழைப்புகளின் பட்டியலில் அந்த எண் இருந்தது, கூடவே விற்பனைக்காரர்களின் எண்கள் பதினேழு. ஆயா அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறவர் இல்லை. கண்ணும் தெரியாது. அறுவை அக்டோபருக்குத் தள்ளிப்போனது.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் எனக்கு உறவு இல்லை, வீட்டுக்காரர். 2016-இல் மதுரையிலிருந்து வேலைக்கு வந்தவன் நான். சாட்ஸ்வொர்த்தில் இவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறேன். ஆயாவுக்கு 74 வயது. கோயில் பள்ளியில் படித்த தமிழ் இன்னும் கையில் இருக்கிறது, மெதுவாக எழுதுவார். பேத்தி உம்லாங்காவில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறாள்; தமிழ் புரியும், பேச்செல்லாம் ஆங்கிலம். தாத்தா 2021-இல் போய்விட்டார். அவருடைய செல்போனைத்தான் ஆயா வைத்திருக்கிறார். இந்தக் கடைசி விவரம் எவ்வளவு முக்கியம் என்பது எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது.

மணியோசையை மறுபடி திறந்துவிட்டோம். ஆனால் தடுக்காமல் எப்படி நிறுத்துவது? முதலில் என்ன வருகிறது என்று பார்க்கலாம் என்று ஆயாவிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தேன். "என்ன எழுதணும் தம்பி?" என்றார். நாள், மணி, ஆணா பெண்ணா, என்ன விற்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. "வெள்ளி 10.40. பொம்பள. கவர்." "வெள்ளி 2.15. பேச்சு இல்ல." "சனி 9.05. ஆம்பள. புது போன்." ஒரு வரியில் மட்டும் "நல்ல பொண்ணு" என்று இருக்கிறது. அந்தப் பெண்ணும் விற்கத்தான் கூப்பிட்டாள், ஆனால் ஆயாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பத்து நிமிடம் விசாரித்திருக்கிறாள்.

ஜூலையில் மொத்தம் 38 அழைப்புகள். ஈமச்சடங்குக் காப்பீடு, அதாவது இங்கே எல்லாரும் சொல்லும் ஃபியூனரல் கவர், 14. போன் ஒப்பந்தம், அப்கிரேடு 7. கடன், கடன் ஆலோசனை 6. எடுத்தால் பேச்சே வராதவை 11.

பாதிக்கு மேற்பட்ட அழைப்புகள் தாத்தாவின் முழுப்பெயரோடு தொடங்கின. அவர் இறந்துவிட்டார் என்று ஆயா சொல்வார். எதிர்முனையில் ஒரு நொடி அமைதி, வருத்தம் தெரிவிப்பு, அப்புறம் கேள்வி: "அப்படியானால் உங்களுக்கு ஃபியூனரல் கவர் இருக்கிறதா?" முதல் முறை பக்கத்தில் இருந்து கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. ஆயாவுக்குப் பழகிப்போயிருந்தது.

பேச்சில்லாத அந்த 11-ஐப் பேத்திதான் விளக்கினாள். கால் சென்டரில் எண்ணை ஆள் சுழற்றுவதில்லை, டயலர் என்ற மென்பொருள் சுழற்றுகிறது. நாலு பேரைக் கூப்பிட்டால் ஒருவர்தான் எடுப்பார் என்பது அதன் கணக்கு. அதனால் ஓர் ஏஜென்டுக்கு ஒரே சமயத்தில் பல எண்களை அடிக்கும். இரண்டு பேர் எடுத்துவிட்டால் ஒருவருக்குப் பேச ஆள் இருக்காது. அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைப்பார். எடுத்தார் என்பது மட்டும் பதிவாகும். இந்த நேரத்தில் எடுக்கிற எண் என்று அதன் மதிப்பு கூடிவிடும். பேய் கூப்பிடுகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். இதுவும் கிட்டத்தட்ட அதுதான்.

பேத்தி சொன்ன இன்னொன்று அதைவிடப் பயனுள்ளது. அழைப்பு முடிந்ததும் ஏஜென்ட் ஒரு குறியீட்டை அமுக்க வேண்டும். "விருப்பமில்லை" என்று ஒன்று, "பிறகு கூப்பிடு" என்று ஒன்று, "இனி கூப்பிடாதே" என்று ஒன்று. நாம் மரியாதையாக "வேண்டாம்மா, நன்றி" என்றால் விழுவது முதலாவது. அந்த எண் சில வாரத்தில் மறுபடி சுற்றுக்கு வரும். "இப்போ வேலையா இருக்கேன்" என்றால் இரண்டாவது, நாளைக்கே வரும். மூன்றாவது விழ வேண்டுமானால் அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும்: "டூ நாட் கால்." ஆயா இதை ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

அவளுக்குச் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்றும் இருந்தது. அவள் வேலை பார்க்கும் இடம், டர்பனின் பல கால் சென்டர்களைப் போல, பிரிட்டனுக்காக வேலை செய்கிறது. பிரிட்டனில் 1999-இலிருந்து தேசியத் தடைப் பட்டியல் உண்டு. அதில் எண்ணைப் பதிந்தால் 28 நாளில் நடைமுறைக்கு வரும். விற்பனைக்குக் கூப்பிடுவதற்கு முன் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்களைக் கழிக்க வேண்டும், அது சட்டம். லீட்ஸிலோ லிவர்பூலிலோ இருக்கும் பாட்டியின் எண்ணைக் கழித்துவிட்டுத்தான் இவள் காலையில் வேலையைத் தொடங்குகிறாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் சொந்த ஆயா கையில் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகவே இருக்கிறது. 2008-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 11-ஆம் பிரிவு, நேரடி விற்பனை அழைப்பை மறுக்கவும், நிறுத்தச் சொல்லவும், முன்கூட்டியே தடுக்கவும் உரிமை தருகிறது. அதற்குக் கட்டணம் கேட்கக்கூடாது. கூப்பிடும் நேரத்துக்கும் விதி உண்டு. ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது. சனிக்கிழமை காலை 9-க்கு முன்னும் பகல் 1-க்குப் பின்னும் கூடாது. மற்ற நாள்களில் இரவு 8 முதல் காலை 8 வரை கூடாது. முன்கூட்டியே தடுப்பதற்கான தேசியப் பதிவேட்டுக்கும் அந்தப் பிரிவிலேயே இடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவேடு பத்தாண்டு கடந்தும் காகிதத்திலேயே கிடந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் அதை நடத்துவதற்கான வரைவு விதிகள் 2024 நவம்பரில்தான் கருத்துக்கேட்புக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் இருந்தது நேரடி விற்பனைத் துறையின் சங்கம் தானாக நடத்தும் பட்டியல். அது சங்கத்தின் உறுப்பினர்களை மட்டுமே கட்டும். ஆகஸ்டு முதல் வாரம் ஆயாவின் அடையாள எண்ணையும் போன் எண்ணையும் அதில் பதிந்தேன். ஆகஸ்டில் 33 அழைப்புகள். ஐந்து குறைந்ததற்கு எது காரணம் என்று சொல்லத் தெரியவில்லை. பெண்கள் தின விடுமுறையாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது, போப்பியா என்று எல்லாரும் சொல்லும் 2013-இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். இது முழுவீச்சில் 2021 ஜூலை 1 முதல். இதன் 69-ஆம் பிரிவு ஒரு படி மேலே போகிறது. வாடிக்கையாளராக இல்லாதவருக்கு மின்னணு வழியில் விற்பனைச் செய்தி அனுப்ப அவர் சம்மதம் முதலிலேயே வேண்டும், அந்தச் சம்மதத்தையும் ஒரே ஒரு முறைதான் கேட்கலாம். இங்கே விற்பனைத் துறை ஓர் ஓட்டையைப் பிடித்துக்கொண்டது. சட்டம் மின்னணுத் தொடர்பு என்பதற்கு, பெறுபவர் எடுக்கும்வரை வலையமைப்பிலோ கருவியிலோ சேமிக்கப்படும் செய்தி என்று விளக்கம் தருகிறது. குறுஞ்செய்தி சேமிக்கப்படும், குரல் அஞ்சலும் சேமிக்கப்படும். ஆள் நேரடியாகப் பேசும் அழைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பது அவர்கள் வாதம். தானியங்கி இயந்திரம் கூப்பிட்டால் சம்மதம் வேண்டும், மனிதர் கூப்பிட்டால் வேண்டாமாம். வழக்கறிஞர்கள் சம்பாதிக்கவென்றே எழுதிய வரி போல இருக்கிறது. 2024 டிசம்பரில் தகவல் ஒழுங்குமுறை ஆணையம் வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டு, தொலைபேசி விற்பனையும் 69-க்குள் வரும் என்று தன் நிலையைச் சொன்னது. துறை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆணையம் 2024 பிப்ரவரியில், நிறுத்தச் சொன்ன பிறகும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு நேரடி விற்பனை தொடர்பாக அமலாக்க அறிவிப்பும் கொடுத்திருக்கிறது. அறிவிப்பை மதிக்காவிட்டால் அபராதம் ஒரு கோடி ராண்டு வரை போகலாம்.

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது வாதத்துக்கு இடமில்லாத வேறு இரண்டு உரிமைகள். ஒன்று, விற்பனைக்காகத் தன் தகவலைப் பயன்படுத்துவதை எவரும் எப்போது வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். 2025 ஏப்ரலில் திருத்திய விதிகளின்படி அதை வாட்ஸ்ஆப்பில்கூடச் சொல்லலாம், செலவில்லை. இன்னொன்று, தகவல் எங்கிருந்து கிடைத்தது, யார் யாருக்குப் போனது என்று கேட்கும் உரிமை.

செப்டம்பரிலிருந்து ஆயாவின் வேலை மாறியது. "வேண்டாம்" என்பதை விட்டுவிட்டு ஒரே கேள்வி: நம்பர் எங்கே கிடைத்தது? பதில்கள் நோட்டில் இருக்கின்றன. "சிஸ்டத்தில் வந்தது." "கம்ப்யூட்டர் தானாகப் போட்டது." "மேனேஜரைக் கேட்கணும்." பாதிப்பேர் கேள்வி முடியுமுன் வைத்துவிட்டார்கள். அதுவே ஒரு லாபம் என்றார் ஆயா. ஆனால் மூன்று பேர் தங்கள் நிறுவனத்தின் பெயரை ஒழுங்காகச் சொன்னார்கள். பெயர் கிடைத்தால் போதும்: இங்கே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தகவல் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும், அவருடைய மின்னஞ்சல் இணையதளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

முதல் நிறுவனம் மூன்று நாளில் எண்ணை நீக்கிவிட்டதாகப் பதில் போட்டது. இரண்டாவது ஒரு போன் ஒப்பந்த முகவர். அவர்கள் ஆள் கூப்பிட்டது புரட்டாசி முதல் சனிக்கிழமை பிற்பகல் 3.20-க்கு. ஆயா விளக்கேற்றி, வாழையிலையில் படையல் வைத்துவிட்டு நின்றிருந்தார். இங்கே புரட்டாசி என்றால் மாதம் முழுக்க வீட்டில் கவுச்சி கிடையாது, சனிக்கிழமை படையல் நேரத்தில் கதவைத் தட்டினால்கூடத் திறக்க மாட்டார்கள். போன் மட்டும் தட்டாமலே உள்ளே வந்துவிடுகிறது. சனிக்கிழமை 1 மணிக்குப் பிறகு கூப்பிட்டதே நேரவிதி மீறல் என்பதையும் சேர்த்து எழுதினேன். வந்த பதில் எங்களைத் தூக்கிவாரிப்போட்டது. அந்த எண் இன்னாருடையது என்று தாத்தாவின் பெயரைக் குறிப்பிட்டு, தகவலுக்கு உரியவர் நீங்கள் இல்லை, அவர்தான் ஆட்சேபிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. இங்கே 2009 ஜூலையிலிருந்து, ரீக்கா என்ற தகவல்தொடர்புக் கண்காணிப்புச் சட்டப்படி ஒவ்வொரு சிம்மும் ஒருவர் பெயரில், அடையாள எண்ணோடு பதிவாகியிருக்க வேண்டும். இந்த சிம் தாத்தா பெயரில்தான் இருந்தது. யாரும் மாற்றவில்லை, அடிக்கிறது, பேசுகிறோம், எதற்கு மாற்ற? நான் சங்கப் பட்டியலில் பதிந்ததோ ஆயாவின் அடையாள எண்ணை. விற்பனைப் பட்டியலில் இருந்தது தாத்தாவின் அடையாள எண். இரண்டும் எங்கே ஒட்டும்?

மறுபாதியில் அவர்கள் சறுக்கினார்கள். போப்பியா பாதுகாப்பது உயிரோடு இருக்கும் மனிதரின் தகவலை. சட்டத்தின் சொல்லே அதுதான். இறந்தவர் ஆட்சேபிக்க முடியாது. அவருக்குப் போப்பியாவில் பாதுகாப்பும் இல்லை. ஆனால் அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர் உயிரோடு இருக்கிறார், கூப்பிட்டால் எடுக்கிறார். ஆகவே எண் இப்போது அவருடைய தகவல். இதை எழுதி, இறப்புச் சான்றிதழின் நகலில் அடையாள எண்ணை மறைத்துவிட்டு அனுப்பினேன். ஒரு வாரம் சத்தமில்லை. அப்புறம் இரண்டே வரி: எண் நீக்கப்பட்டது, தொந்தரவுக்கு வருந்துகிறோம்.

இறந்தவர் பெயர் எப்படி இத்தனை பட்டியல்களில் உயிரோடு இருக்கிறது? இந்த நாட்டில் தனிநபர் தகவல் கொட்டிப்போன கதைகள் குறைவில்லை. 2017 அக்டோபரில் மாஸ்டர் டீட்ஸ் என்ற கோப்பு யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சர்வரில் கிடந்தது தெரியவந்தது. அதில் 6 கோடிக்கு மேற்பட்ட அடையாள எண்கள் இருந்தன. நாட்டின் அன்றைய மக்கள்தொகையைவிட அது அதிகம், செத்தவர்களும் உள்ளே. 2020 ஆகஸ்டில் எக்ஸ்பீரியன் என்ற கடன் தகவல் நிறுவனத்திடம் ஒருவன் வாடிக்கையாளன் போல நடித்து, 2.4 கோடிப் பேர் வரையிலான விவரங்களை வாங்கிப்போனான். இப்படிப்பட்ட கோப்பில் இறந்தவரைக் கழிக்க யார் மெனக்கெடுவார்கள்? பட்டியல் விலைபோவது தலை எண்ணிக்கையை வைத்துத்தானே.

மூன்றாவது நிறுவனம்தான் முடிச்சை அவிழ்த்தது. தங்களுக்கு எண் கொடுத்த பட்டியல் வியாபாரியின் பெயரைத் தந்தார்கள். அந்த வியாபாரிக்கு எழுதியதில், தாத்தாவின் பெயர், முகவரி, எண், "காப்பீட்டு நாட்டம்" என்றொரு குறிப்பு, எல்லாம் தங்களிடம் இருப்பதாக ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகவும் சொன்னார்கள். நான் சந்தோஷமாகச் சரி என்று பதில் எழுதப் போனேன். பேத்தி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

அழிக்கச் சொல்லக்கூடாதாம். அழித்தால் அந்த எண் அவர்களுக்குத் தெரியாத எண் ஆகிவிடும். அடுத்த மாதம் வேறொரு மூலத்திலிருந்து புதுக் கோப்பு வரும்போது, அதே எண் புத்தம்புதிதாக மறுபடி ஏறும். யாரும் தடுத்ததாக அங்கே பதிவே இருக்காது. கேட்க வேண்டியது இது: பெயர், முகவரி, மற்றதை அழியுங்கள், எண்ணை மட்டும் தடைப் பட்டியலில் வையுங்கள், இனி வரும் ஒவ்வொரு கோப்பையும் அதோடு ஒப்பிட்டுக் கழியுங்கள், ஏற்கெனவே யாருக்கெல்லாம் விற்றீர்களோ அவர்களுக்கும் சொல்லுங்கள். பிரிட்டன் வேலையில் அவள் தினமும் பார்ப்பது இதுதான். மறந்துவிடு என்பதும் கூப்பிடாதே என்பதும் ஒன்றல்ல. அதுவரை நாங்கள் அனுப்பிய கடிதங்களில் பாதி இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதியவை. முதல் நிறுவனத்துக்கு மறுபடி எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் மூன்று நாளில் நீக்கியவர்கள் ஆறாவது வாரம் திரும்பக் கூப்பிட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு பணச் சிக்கல். செப்டம்பர் கடைசியில் ஆயாவின் கணக்கிலிருந்து 129 ராண்டு டெபிட் ஆர்டராக, அதாவது மாதாமாதம் தானாகக் கழியும் கட்டணமாகப் போயிருந்தது. யாரோ படித்துக்காட்டிய காப்பீட்டு ஒப்பந்தத்துக்கு "யெஸ், யெஸ்" என்று சொல்லியிருக்கிறார். இப்படிக் கழிக்கச் சம்மதமா என்று கேட்கும் டெபிசெக் செய்தி வங்கியிலிருந்து வந்தபோது அதையும் அமுக்கிவிட்டார், மூடுவதாக நினைத்து. எந்த அழைப்பு என்று நோட்டைப் புரட்டினோம். நாள் பொருந்தியது "நல்ல பொண்ணு" என்று எழுதிய வரியோடு. காப்பீட்டுத் துறையின் விதிப்படி பாலிசிக் காகிதம் கைக்கு வந்த 31 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திரும்பப் பெறலாம். ரத்துக் கடிதம் எழுதினோம், பணம் வந்துவிட்டது. போன் ஒப்பந்தம் போன்றவற்றை நேரடி விற்பனையில் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டத்தில் 5 வேலை நாள்தான். ஆயாவுக்குப் பணம் வந்ததைவிட அந்தப் பெண் ஏமாற்றினாளே என்பதுதான் குறை. "முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டாளே" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஏமாற்றவில்லை, கமிஷனுக்கு வேலை பார்க்கிற பிள்ளை, எழுதிக்கொடுத்ததைப் படித்திருக்கிறாள் என்று பேத்தி சமாதானம் சொன்னாள். நான் அவ்வளவு தாராளமாக இல்லை.

சிம்மை ஆயா பெயருக்கு மாற்றினோம். அடையாள அட்டை, முகவரிச் சான்று, இறப்புச் சான்றிதழ். கடைக்கு இரண்டு நடை. முதல் நடையில் முகவரிச் சான்று பழையது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது நடை முடிந்த ஒன்பதாம் நாள் போன் வந்தது. இந்த முறை தாத்தாவைக் கேட்கவில்லை. ஆயாவின் முழுப்பெயரைச் சொல்லி, அடையாள அட்டையில் மட்டும் இருக்கும் நடுப்பெயரோடு சேர்த்து, புது ஒப்பந்தத்துக்கு அவர் தகுதி பெற்றிருப்பதாக வாழ்த்தினார்கள். கூப்பிட்டது அந்தத் தொலைபேசி நிறுவனமேதான். தன் வாடிக்கையாளருக்குத் தன் சரக்கைச் சொல்ல 69-ஆம் பிரிவில் விதிவிலக்கு உண்டு. ஆனால் எண்ணை வாங்கும்போதே வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். கடையில் நிரப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கட்டங்கள்: எங்கள் சலுகைகளுக்குச் சம்மதம், எங்கள் கூட்டாளிகளின் சலுகைகளுக்குச் சம்மதம். இரண்டிலும் கடைக்காரப் பையனே டிக் போட்டிருந்தான். கீழே ஆயாவின் கையெழுத்து. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அதை வாடிக்கையாளர் சேவையில் பேசி, இரண்டு சம்மதத்தையும் தனித்தனியாக எடுத்தோம். ஒன்றை எடுத்தால் மற்றது போகாது.

அக்டோபரில் 19. நவம்பரில் 6, அதில் நாலு பொய்யான வங்கி அழைப்புகள். அவர்களிடம் சட்டம் பேசிப் பயனில்லை, வைத்துவிட வேண்டியதுதான். அக்டோபர் இரண்டாம் வாரம் மருத்துவமனை கூப்பிட்டபோது ஆயாவே எடுத்தார், கண் அறுவை முடிந்தது.

அந்தப் பட்டியல் வியாபாரியிடம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எண்ணைத் தடைப் பட்டியலில் வைத்தவர்கள், நாங்கள் கேட்டும், அதை இன்னும் தாத்தாவின் பெயரோடுதான் வைத்திருக்கிறார்கள். பெயரை எடுக்க வேண்டுமானால் ஆயாவின் அடையாள எண்ணை அனுப்பிப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். அனுப்பவில்லை. "அவர் பேர்லயே கிடக்கட்டும் தம்பி" என்றார் ஆயா, நோட்டை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டே.